நியூபோர்ட் போகும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

நீயும் மாப்பிள்ளையும் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் இருக்கும் தி பிரேக்கர்ஸ் மாளிகையைப் பார்க்கப் போவதாகச் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். வாழ்நாள் முழுக்கக் கட்டட வேலையில் கிடந்தவனுக்கு அந்த வீட்டின் மீது தீராத ஆசை உண்டு.

ரயில்வே பணத்தில் கொழித்த குடும்பத்து இரண்டாம் கொர்னேலியஸ் வாண்டர்பில்ட், 1895-இல் கட்டி முடித்த வீடு. 70 அறைகள், அதுவும் கோடையில் சில வாரங்கள் மட்டும் தங்க! மறு வருடமே அவருக்குப் பக்கவாதம். 1899-இல் 55 வயதில் போய்விட்டார்.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் கூடத்தின் விதானத்தைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். நீயும் பார். ஆனால் பூமிக்கு அடியில் இருக்கும் கொதிகலன் அறையைத் தவறவிடாதே. அதற்குத் தனிச் சுற்று நடத்துகிறார்கள். முன்பு அதே இடத்தில் இருந்த மரவீடு 1892-இல் எரிந்து போனது. அந்தப் பயம் புது வீடு முழுக்க இருக்கிறது. இரும்பு உத்தரம், செங்கல், கல் என்றே கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் மோரிஸ் ஹண்ட் அதை எழுப்பினார். சமையலறையை ஓரமாக ஒதுக்கினார். கொதிகலன்களை வீட்டுக்கு வெளியே தள்ளி நிலத்தடியில் வைத்து, சுரங்கப்பாதை வழியாக வெந்நீர்க் குழாய்களைக் கொண்டுவந்தார். விளக்குகளைக் கவனி: மின்சாரமும் உண்டு, எரிவாயுவும் உண்டு. புதிதாக வந்த மின்சாரத்தை மட்டும் நம்பியிருக்க அப்போது யாருக்கும் மனம் வரவில்லை.

குளியல் தொட்டிக்குக் கடல்நீருக்கும் நல்ல தண்ணீருக்கும் தனித்தனிக் குழாய்கள், இரண்டிலும் சுடுநீர் வேறு. தொட்டியோ பளிங்கு. சூடான நீரைப் பலமுறை நிரப்பிக் கொட்டினால்தான் கல்லின் குளிர் விடும். அந்த வேலையைச் செய்த கைகளைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். வேலையாட்கள் தங்கிய அறைகளையும் விசாரித்துப் பார், கயல்.

அப்புறம், நேரம் இருந்தால் அதே ஊரில் இருக்கும் மார்பிள் ஹவுஸ் மாளிகையையும் பார். பளிங்குக்கு மட்டும் 70 லட்சம் டாலர் போனதாம். அந்த வீட்டு அம்மாள் ஆல்வா, பெற்ற மகளை 1895-இல் கட்டாயப்படுத்தி ஓர் இங்கிலாந்துப் பிரபுவுக்குக் கட்டிக்கொடுத்தார். அதே அம்மாள் 1914-இல் அங்கேயே பெண்கள் வாக்குரிமைக்காகக் கூட்டம் நடத்தினார். பின்னதற்காக அவரை மதிக்கிறேன். முன்னதை ஒரு மகளின் அப்பாவாக என்னால் பொறுக்க முடியவில்லை.

சுரங்கப்பாதைச் சுவரைக் கிட்டத்தில் நின்று போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. கல்லோ செங்கல்லோ, இணைப்பு தெரிகிற மாதிரி எடு. கடற்காற்று குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா