அமெரிக்காவின் காலேஜ் ஸ்டேஷன் ஊரிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. போனில்தான் பேசுகிறோமே என்று இருந்துவிட்டேன். "கடுதாசி எழுதக் கை வலிக்குதா" என்று அம்மா ஓரத்தில் கிறுக்கியிருந்ததை நேற்றுத்தான் கவனித்தேன். உடனே உட்கார்ந்துவிட்டேன்.

இந்த ஊரில் ஒரு நாய்க்கு நடக்கும் மரியாதையைச் சொன்னால் பெரியப்பா நம்பமாட்டார். எங்கள் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் அடையாளம் ரெவலி என்ற கோலி ஜாதி நாய். (நம்ம ஃபுட்பால் இல்லை, பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு முட்டி மோதுகிற ஆட்டம்.) 1931-ல் பையன்கள் காரில் அடிபட்ட தெருநாயைத் தூக்கிவந்து விடுதியில் வைத்துக்கொண்டார்களாம். காலையில் எழுப்புகிற பியூகிள் ஊதலுக்கு அது குரைக்க, அந்த இசையின் பேரே அதற்கு வந்துவிட்டது. இப்போது மாணவர் படையில் அதுதான் உச்சப் பதவி. முதலாண்டுப் பையன்கள் "மிஸ் ரெவ், மேடம்" என்றுதான் பேச வேண்டும். கட்டிலில் அது ஏறிப் படுத்தால் பையன் தரையில். வகுப்பில் குரைத்தால் வாத்தியார் பாடத்தை நிறுத்த வேண்டுமாம். என் வகுப்புப் பக்கம் இதுவரை வரவில்லை.

போன சனிக்கிழமை ஆட்டம். எங்கள் மைதானமான கைல் ஃபீல்டில் 1,02,733 பேர் உட்காரலாம். ஆனால் மாணவர்கள் யாரும் உட்காருவதில்லை. 1922 ஜனவரியில் டாலஸில் ஆட்டக்காரர்கள் வரிசையாக அடிபட்டு விழ, மேலே இருந்த கிங் கில் என்ற மாணவனைக் கூப்பிட்டு உடுப்பு மாட்டி ஓரத்தில் நிறுத்தினார்கள். கடைசிவரை ஆட்டத்தில் இறக்கவில்லை, ஆனாலும் நின்றான். களத்தில் பதினொரு பேர், அவன் பன்னிரண்டாவது ஆள். அவனுக்காகத்தான் இன்றும் எல்லோரும் நிற்கிறார்கள். நானும் நின்றேன், தண்ணீர் பாட்டில் விற்கிற கடையில். சும்மா பொழுதுபோக்குக்குத்தான்.

எதிர்வீட்டுத் தாத்தா இங்கேயே படித்தவர். முழங்கால் போய்விட்டதால் மைதானத்துக்குப் போவதில்லை. டிவி முன்னால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஆட்டம் முடியும்வரை நிற்கிறார். நாற்காலியை நகர்த்தினேன், முறைத்தார். நம் அணி புள்ளி எடுத்தால் ஜோடிக்கு முத்தம் கொடுப்பது வழக்கம். அவர் மெல்லப் போய் அலமாரியில் இருக்கிற சம்சாரம் போட்டோவை விரலால் தொட்டுவிட்டு, திரும்பவந்து நின்றுகொள்கிறார். ராத்திரி முழுக்கப் புகையில் வெந்த இறைச்சி தட்டு நிறைய வைத்தார். என்ன இறைச்சி என்று அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

செத்துப்போன ரெவலிகளை மைதானத்தின் வடக்கு வாசலில் ஸ்கோர் பலகை தெரிகிற மாதிரி புதைத்திருக்கிறார்கள். கட்டடம் எழும்பி மறைத்ததும், சமாதிக்கென்றே தனியாக ஒரு சின்னப் பலகை வைத்தார்கள். கடையைச் சாத்திவிட்டு அங்கே போனேன். நம் கோயில் மாடு செத்த அன்று, நீங்கள் தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினீர்களே. அம்மா அதன் நெற்றியில் மஞ்சள் தடவினதும், கொம்பில் ஒட்டியிருந்த பழைய பெயிண்டும்கூட அப்படியே கண்ணில் வந்தது. ரொம்ப நேரம் எழுந்திருக்கவே தோன்றவில்லை அப்பா.

பொங்கலுக்கு வரமுடியாது. படிப்பு அதிகம்.

மேலக்காட்டை ஒத்திக்கு விடாதீர்கள். மாமா அவசரப்படுத்துவார், செல்வி கல்யாணத்தைச் சாக்குச் சொல்லுவார். பேங்கில் இருக்கிற அம்மா வளையலுக்கு இந்த வருஷம் வட்டி மட்டும் கட்டிப் புதுப்பியுங்கள், மார்ச்சில் நான் அனுப்புகிறேன். மோட்டார் காயில் கட்டியாயிற்றா? கறுத்தப் பசு கிடேரி போட்டதா, காளையா? செல்வியை எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
முத்து