இடப்பக்கம் ஒதுங்கும் அம்பு

அன்பு மகளுக்கு,

பன்னிரண்டு அம்புகளும் இலக்குக்கு இடப்பக்கமே போய்க் குத்துகின்றன, என் கைதான் சரியில்லை என்று எழுதியிருக்கிறாய். கையைக் குறை சொல்லாதே, கண்ணு. கை தடுமாறினால் அம்புகள் நாலா பக்கமும் சிதறும். எல்லாம் ஒரே பக்கம் போனால் முதலில் அம்பின் தண்டைப் பார்க்க வேண்டும்.

நாணை விட்டதும் அம்பு விறைத்து நேராகப் போவதில்லை. வில்லின் பிடியைச் சுற்றி மீன்போல நெளிந்துதான் வெளியேறும். வலக்கையால் நாண் இழுக்கும் உனக்கு, தண்டு அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தால் அது வளைய மறுத்து இடப்பக்கம் ஒதுங்கும். துவண்டால் வலப்பக்கம்.

விறைப்பை வீட்டிலேயே அளக்கலாம். 26 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணிகள்மேல் தண்டைக் கிடத்தி, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிடு. எத்தனை அங்குலம் தொய்கிறதோ அதனால் 26-ஐ வகு. வரும் எண்ணைத்தான் தண்டின் விறைப்பு, இத்தனை பவுண்டு என்று சொல்வார்கள். அரை அங்குலம் என்றால் 52 பவுண்டு. இழுக்க 40 பவுண்டு விசை வேண்டிய உன் வில்லுக்கு அது அதிகம். 0.6 அங்குலம் தொய்ந்தால் ஏறக்குறைய 43. அங்கிருந்து தொடங்கலாம். முதலில் 100 கிரெயின் (அம்புமுனையை நிறுக்கும் சிறு எடையளவு) முனையைக் கழற்றி 125 கிரெயின் முனையைப் போட்டுப் பார். முனை கனத்தால் தண்டு கூடுதலாக வளையும். அதிலும் சரியாகாவிட்டால் நடுப்பகுதியை உப்புத்தாளால் சுற்றிலும் சீராகத் தேய்த்து, அடிக்கடி அளந்து பார்.

நீ தண்டுக்கு வாங்கிய போர்ட் ஆர்ஃபோர்ட் சீடர், அமெரிக்காவில் ஆரிகனின் தென்மேற்கிலும் அதை ஒட்டிய கலிஃபோர்னியாவிலும் மட்டுமே இயற்கையாக வளரும் மரம். இங்கே மூங்கில் குச்சியைத் தணலில் காட்டி நிமிர்த்திக்கொண்டிருந்த காலத்தில் அதைப் பற்றிப் படித்து ஏங்கியிருக்கிறேன். அறுத்தால் இஞ்சி வாசம் வருமாமே, உண்மையா?

கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: கல்லில் பட்டு விரிசல் விட்ட அம்பைப் பசை போட்டு ஒட்டிவிட்டேன் என்று. அதற்காகத்தான் இரவே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அதை எய்யாதே.

நீ ஆறாம் வகுப்புப் படித்தபோது என் இடக்கையில் துண்டைச் சுற்றிக் கட்டினாயே, நினைவிருக்கிறதா? அன்று மூங்கிலை விட்டுப் பலகையில் அறுத்த குச்சியில் அம்பு செய்திருந்தேன். மரத்தின் ரேகை நுனிவரை ஓடாமல் பாதியிலேயே பக்கவாட்டில் வெளியேறியிருந்தது. நான் பார்க்கவில்லை. நாணை விட்ட நொடியில் அது முறிந்து, சிலாம்பு முன்கையில் ஏறிவிட்டது. இரண்டு மாதம் வில்லைத் தொட முடியவில்லை.

அதனால் தண்டு வாங்கும்போதே ரேகை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடுகிறதா என்று பார். நாணில் மாட்டும் பிளவை, வெட்டுமுகத்தில் தெரியும் வளையக் கோடுகளுக்குக் குறுக்காக அறு. ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்பும் இரு முனைகளையும் பிடித்து, முகத்துக்கு விலக்கி, சுழற்றிச் சுழற்றி மெல்ல வளைத்துப் பார். ‘டிக்’ என்று சிறு சத்தம் கேட்டாலும் அந்த அம்பு வேண்டாம்.

ஒட்டிய அம்பை இப்போதே இரண்டாக முறித்துப் படம் எடுத்து அனுப்பு. அது வந்த பிறகுதான் படுப்பேன்.

அப்பா