‘வாங்கு’ பொத்தானை வைத்திருப்பவர்களுக்கு

படம், புத்தகம், விளையாட்டு எல்லாவற்றையும் இணையத்தில் விற்கும் நிறுவனத்தாருக்கும், அந்த விற்பனையைக் கண்காணிக்க வேண்டிய அரசு அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

போன மாதம் உங்களில் ஒருவரிடமிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. யார் என்று சொல்லப் போவதில்லை. இந்த மாதிரிக் கடிதத்தின் வாசகம் உங்கள் எல்லாரிடமும் ஒன்றுதான் என்பதால் சொல்லியும் பயனில்லை. படத்தின் உரிமையாளரோடு போட்டிருந்த ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம். அதனால் நான் ‘முன்பு வாங்கிய’ ஒரு படம் என் கணக்கிலிருந்து நீக்கப்படுகிறதாம். தொடர்ந்து ஆதரவு தருவதற்கு நன்றியாம். அந்த நன்றியைப் படித்தபோது வந்த கோபம் ஆறட்டும் என்று இத்தனை நாள் காத்திருந்தேன். முழுதாக ஆறவில்லை. பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். விற்றால் விற்றதாக இருக்கட்டும். அது முடியாதென்றால் பொத்தானில் ‘வாங்கு’ என்று எழுதாதீர்கள்.

நீக்கப்பட்டது ஒரு பழைய நகைச்சுவைப் படம். காவியம் ஒன்றும் இல்லை. ஆனால் என் அப்பாவுக்கு அதில் வரும் வசனம் அத்தனையும் மனப்பாடம். அவருக்கு ஞாபகம் குறைந்துகொண்டே வருகிறது. காலையில் வந்து பேசிவிட்டுப் போனவர் யார் என்று மாலையில் கேட்டால் தெரியாது. இந்தப் படம் மட்டும் தங்கிவிட்டது. நடிகர் வாயைத் திறக்கும் முன்பே இவர் வசனத்தைச் சொல்லிவிட்டு, சரியாக வந்ததா என்று என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். இரவு எட்டு மணிக்குப் படம் ஓடினால் அன்றைய பொழுது ஒழுங்காக முடியும். அதற்காகத்தான் ‘வாடகை’ பொத்தானை விட்டுவிட்டு, அதைவிடப் பல மடங்கு விலை போட்டிருந்த ‘வாங்கு’ பொத்தானை அழுத்தினேன்.

இப்போதும் எட்டு மணி ஆனால் கேட்கிறார்.

“என்னடா, படம் போடலையா?”

“படம் இல்லப்பா.”

“இல்லைன்னா? நீ வாங்கினதுதானே?”

“வாங்கினதுதான். எடுத்துட்டாங்க.”

“காசு கொடுத்து வாங்கினதை எவன் வந்து எடுப்பான்?”

இந்தக் கேள்விக்கு உங்கள் நிபந்தனைப் பக்கத்தில் பதில் இருக்கிறது. நீங்கள் எனக்குத் தந்தது படம் அல்ல. பிறருக்கு மாற்ற முடியாத, நீங்கள் நினைத்தால் திரும்பப் பெறக்கூடிய ஓர் உரிமம். நான் அதை எளிமைப்படுத்திச் சொல்கிறேன். அவர் கொஞ்ச நேரம் யோசிக்கிறார். பிறகு ஒன்றும் சொல்லாமல் படுக்கப் போய்விடுகிறார். மறுநாள் எட்டு மணிக்கு எல்லாம் புதிது. மறுபடி கேட்கிறார், மறுபடி சொல்கிறேன். நிபந்தனைகளை யாருமே படிப்பதில்லை என்று ஒரு பேச்சு உண்டு. எங்கள் வீட்டில் தினமும் ஒரு முறை வாய்விட்டுப் படிக்கிறோம் என்பதை உங்கள் சட்டப் பிரிவினரிடம் சொல்லுங்கள், மகிழ்ச்சியடைவார்கள்.

வேறு இடத்தில் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது. இன்னொரு நிறுவனத்தில், மாதச் சந்தாவுக்கு, நடுநடுவே விளம்பரத்தோடு. அதையும் போட்டுப் பார்த்தேன். முதல் விளம்பரம் வந்ததும் அப்பா படம் முடிந்துவிட்டது என்று எழுந்து போய்விட்டார்.

சரி, இது ஏதோ ஒரு வீட்டில் நடந்த சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிட முடியுமா? 2009இல் அமேசான் தன் கிண்டில் மின்புத்தக வாசகர்களின் கருவிகளிலிருந்து ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை இரவோடு இரவாக அழித்தது. அதில் ஒன்று, எல்லாவற்றையும் கண்காணிக்கும் அரசு பழைய பத்திரிகைகளை அழித்து மாற்றி எழுதும் கதை. அமேசான் வழியாக அவற்றை விற்றவருக்கு விற்கும் உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பித் தந்தார்கள், நிறுவனத் தலைவரே மன்னிப்பும் கேட்டார். ஆனால் பள்ளிப் பாடத்துக்காக அந்தப் புத்தகத்தில் குறிப்பு எடுத்து வைத்திருந்த மாணவர் ஒருவருக்கு, புத்தகம் போனதால் குறிப்புகள் எந்த வரிக்கு எழுதியவை என்றே தெரியாமல் போயிற்று. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்புத்தகக் கடையையே மூடியது. பணம் திரும்பியது, புத்தக ஓரத்தில் குறிப்பு எழுதியிருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். ஒருவர் படித்து யோசித்து எழுதியதற்கு இதுதான் சந்தை விலை போலிருக்கிறது. 2023 டிசம்பரில் சோனி, பிளேஸ்டேஷனில் மக்கள் காசு கொடுத்து வாங்கியிருந்த டிஸ்கவரி நிகழ்ச்சிகளை நீக்கப் போவதாக அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதம் முடிவை மாற்றிக்கொண்டது. அப்படியானால் மனம் வைத்தால் முடிகிறது, இல்லையா?

தொழில்நுட்பத்தின் மேல் பழி போடவும் வழியில்லை. நான் தரவிறக்கி வைத்திருந்த கோப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் அது பூட்டிய பெட்டி. ஒவ்வொரு முறை திறக்கவும் சாவி உங்கள் சர்வரிலிருந்து வர வேண்டும். சாவியை நிறுத்தினால் படமும் நின்றுவிடும். அந்தப் பூட்டை நானே உடைத்தால்? அமெரிக்காவில் 1998இல் வந்த சட்டப்படி, பெட்டிக்குள் இருப்பது நான் காசு கொடுத்ததாகவே இருந்தாலும், பூட்டை உடைப்பது பொதுவாகச் சட்டமீறல். காசே கொடுக்காமல் திருட்டு நகல் எடுத்தவர் வீட்டில் அந்தப் படம் இந்த நிமிடமும் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். முன்பு டிவிடி வட்டுகளில் ‘திருட்டு வீடியோ பார்க்காதீர்கள்’ என்ற எச்சரிக்கையைத் தள்ளிவிட முடியாதபடி வைத்திருப்பீர்கள். காசு கொடுத்தவன் தினமும் அதைப் பார்த்தான். திருடியவன் ஒரு நாளும் பார்த்ததில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அதிகாரிகளே, உங்களிடமும் கொஞ்சம் பேச வேண்டும். ‘உரிமம்’ என்ற சொல்லைக் காட்டி வாங்கியவனை மிரட்டுவது புதிய தந்திரம் அல்ல. நூறு வருடத்துக்கும் முன்பு அமெரிக்காவில் ஒரு பதிப்பகம், ‘இந்தப் புத்தகத்தை ஒரு டாலருக்குக் குறைவாக விற்க யாருக்கும் உரிமம் கிடையாது’ என்று புத்தகத்துக்குள்ளேயே அச்சிட்டது. மேசி என்ற கடை 89 சென்டுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1908இல் பதிப்பகம் தோற்றது. விற்ற பிறகு அந்தப் பிரதியின் மேல் அதிகாரம் செலுத்த முடியாது என்பது தீர்ப்பின் சாரம். பழைய புத்தகக் கடைகளுக்கும், வட்டு இரவல் கொடுத்தவர்களுக்கும் அந்தக் கொள்கைதான் நிழல். காகிதம் போய் மின்கோப்பு வந்ததும் அந்த நிழலும் போய்விட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல், ஒருமுறை காசு கொடுத்துக் காலவரையறை இல்லாமல் வாங்கித் தரவிறக்கிய மென்பொருளை மறுபடி விற்கலாம் என்றது. 2019இல் மின்புத்தகத்துக்கு அது பொருந்தாது என்றது. வாங்கியது எது, வாங்காதது எது என்று தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வழக்கறிஞர் வேண்டும் போலிருக்கிறது.

கலிஃபோர்னியா நேராகப் பொத்தானையே தொட்டது. அங்கே 2025 ஜனவரியிலிருந்து, வெறும் உரிமத்தை விற்றுக்கொண்டு ‘வாங்கு’ என்று போட வேண்டுமானால் அது உரிமம்தான் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நல்ல சட்டம், ஆனால் பாதிச் சட்டம். விளையாட்டு விற்கும் ஸ்டீம் பணம் கட்டும் இடத்தில் ஒரு வரி சேர்த்தது. பொத்தான் அங்கேயேதான் இருக்கிறது. பக்கத்தில் ஒரு வரி கூடியிருக்கிறது, அவ்வளவே. ‘ஏமாற்றுகிறோம்’ என்று சொல்லிவிட்டு ஏமாற்றினால் அது நேர்மை ஆகிவிடுமா? அதே 2025 பிப்ரவரியில் அமேசான், வாங்கிய கிண்டில் புத்தகத்தைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் எடுத்துவிட்டது. ஒரு கை எச்சரிக்கைப் பலகையை நடுகிறது, இன்னொரு கை பின்வாசலை மூடுகிறது.

இந்தப் போக்கில் போனால் எதுதான் நம்முடையது? ஒரு கார் நிறுவனம், இருக்கையைச் சூடாக்கும் கம்பி ஏற்கெனவே காருக்குள் இருக்க, அதை இயக்க 2022இல் சில நாடுகளில் மாதச் சந்தா கேட்டது. மறு வருடம் விட்டுவிட்டது. 2014இல் விற்பனைக்கு வந்த கார்ப் பந்தய வீடியோ விளையாட்டு ஒன்றின் சர்வரை 2024 மார்ச்சில் நிறுத்தினார்கள். தனியாக ஆட நினைத்தவரும் ஆட முடியவில்லை. அதைப் பார்த்துக் கொதித்த விளையாட்டுப் பிரியர்கள் ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்துத் திரட்டினார்கள். நாளைக்கு என் கண்ணாடியின் நிறுவனம் என் பார்வைக்கான உரிமம் காலாவதி ஆகிவிட்டது என்று எழுதும், தொடர்ந்து பார்த்துவந்ததற்கு நன்றியும் சொல்லும்.

மன்னிக்கவும். பணிவாக எழுத வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன்.

ஒப்பந்தம் ஒரு நாள் முடியும், உரிமையாளர் மாறுவார், கடைகளும் மூடப்படும். அதெல்லாம் எனக்கும் தெரியும். அந்த நாள் வரும்போது வாங்கியவருக்குப் பூட்டில்லாத ஒரு கோப்பைக் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். அதற்கு வழியில்லையென்றால் கட்டிய பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுங்கள். எனக்கு வந்தது உங்கள் கடையிலேயே செலவழிக்க வேண்டிய கூப்பன், அதுவும் பாதித் தொகைக்கு. இரண்டுமே கட்டுப்படியாகாது என்றால், பொத்தானில் ‘எங்களுக்குத் தோன்றும் வரை வாடகை’ என்று எழுதுங்கள். வார்த்தை நீளம்தான். எழுத்தைச் சின்னதாக்குவது உங்களுக்குக் கைவந்த கலை ஆயிற்றே. அதிகாரிகளே, ஒரு எச்சரிக்கை வரியோடு நிறுத்திக்கொள்ளாமல் இதைச் சட்டமாகவே எழுதும்படி தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். விற்றால் விற்றதாக இருக்கட்டும்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். எட்டு மணிக்கு முன்னால் வந்தால் நல்லது. அதற்கு அப்புறம் எனக்கு நிபந்தனை வாசிக்கும் வேலை இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் ரசீதில் இன்னும் ‘வாங்கியவர்’ என்றே இருக்கும் ஒருவன்