பேட்வே ஏமாற்றிவிட்டான்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து நாலு மாதம். பதில் போடாதது தப்புதான், கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். சுந்தரம் அண்ணன் ரிட்டயர் ஆகியும் அந்தக் குடையை விட்டபாடில்லை.

நீ வருஷக்கணக்கில் "படி, படி" என்று உயிரை வாங்கினாயே, ஸ்ப்ராக் டி கேம்ப்பின் 'லெஸ்ட் டார்க்னஸ் ஃபால்' நாவல், அதை முடித்துவிட்டேன். மனசே ஆறவில்லை.

தொடக்கம் அபாரம், ஒத்துக்கொள்கிறேன். மின்னல் அடித்து, இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கனான மார்ட்டின் பேட்வே 535-ஆம் ஆண்டு ரோமில் வந்து விழுகிறான். சிரியாக்கார வட்டிக்கடைக்காரனுக்கு அரபு எண்களில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக் கடன் வாங்குகிறான், பிராந்தி காய்ச்சுகிறான். பீரங்கியும் கடிகாரமும் கடைசிவரை அவனுக்குக் கைகூடுவதில்லை. அந்தத் தோல்விகள்தான் புத்தகத்திலேயே நிஜம்.

ஆனால் அச்சு? சில பக்கத்துக்குள் செய்தித்தாளே வந்துவிடுகிறது! ஈய எழுத்துக் கோத்த வீட்டுப்பிள்ளை நீ, உனக்கு எப்படி உறுத்தாமல் போச்சு? எஃகில் ஒவ்வொரு எழுத்தையும் தலைகீழாகச் செதுக்க வேண்டும். அதைச் செம்பில் அடித்துப் பள்ளம் எடுத்து, அந்தப் பள்ளத்தை வார்ப்புச் சட்டத்தில் பொருத்தி, உருக்கிய உலோகத்தை ஊற்ற வேண்டும். எல்லா எழுத்தும் ஒரே உயரத்தில் வராவிட்டால் ஒன்று தாளைக் கிழிக்கும், பக்கத்து எழுத்து பதியவே பதியாது. வெறும் காரீயம் அழுத்தத்தில் நசுங்கும். வெள்ளீயம் சேர்த்தால் நன்றாக ஓடும். ஆறும்போது சுருங்காமல் கெட்டியாக நிற்க ஆன்டிமனி வேண்டும். ரோமர்களுக்கு அது கண்மைக் கல்லாகத்தான் பழக்கம். மையும் அப்படித்தான்: பாப்பிரஸ் சுருளில் எழுதுகிற தண்ணி மை உலோகத்தில் ஒட்டாது, உருண்டு ஓடிவிடும். ஆளிவிதை எண்ணெயைக் கெட்டியாகக் காய்ச்சிப் புகைக்கரி சேர்த்துக் குழைக்க வேண்டும். ஒரு நாவலுக்கு இதுவே போதும். அவரோ இதை விட்டுவிட்டு ராஜாக்களை ஏற்றி இறக்கப் போய்விட்டார்.

இதைக்கூட மன்னிப்பேன், முரளி. சூரியன் எங்கே போச்சு? நாவலின் போர்க்கதைக்கு ஆதாரமே அந்தக் காலத்திலேயே வாழ்ந்த புரோகோப்பியஸ் எழுதிய சரித்திரம். அதே மனுஷர், 536-ஐ ஒட்டிய வருஷம் முழுக்கச் சூரியன் நிலாவைப் போல மங்கிக் கிடந்தது என்று எழுதிவைத்திருக்கிறார். இத்தாலியில் அமைச்சராக இருந்த காசியடோரஸ், நண்பகலில் நிழல் விழவில்லை, சூரியன் நீலம் பூத்திருக்கிறது, போன வருஷ விளைச்சலை எடுத்துச் சமாளி என்று உதவியாளருக்குக் கடிதமே போடுகிறார். காரணம் எரிமலை என்பது பனிப்பாறைகளைத் துளைத்துப் பார்த்த பிறகு, வெகு பின்னால் தெரிந்தது. அதை டி கேம்ப் தலையில் கட்ட மாட்டேன். புரோகோப்பியஸ் 1939-லும் கிடைத்தாரே!

நினைத்துப் பார். வெயில் இல்லையென்றால் திராட்சை பழுக்காது, திராட்சை இல்லையென்றால் பிராந்தி ஏது? அவன் முதலே அதில்தான். சரித்திரம் தெரிந்தவன் 535-லேயே தானியம் வாங்கிக் குவித்திருப்பான். முப்பது வருஷம் கழித்து அரேபியாவில் பிறக்கப்போகிற முகமது நபியைப் பற்றிக் கிழக்கு ரோமச் சக்கரவர்த்தி ஜஸ்டினியனுக்கு எழுதத் தெரிந்தவனுக்குத் தலைக்கு மேல் இருந்தது தெரியவில்லை. எனக்கு அழுகையே வந்தது.

புத்தகத்தைத் தபாலில் போட்டிருக்கிறேன், திரும்பப் படித்துவிட்டுச் சண்டைக்கு வா. அதற்கு முன்னால் அப்பாவிடம் ஒன்று கேட்டுச் சொல்: ஆன்டிமனியே இல்லாமல், காரீயமும் வெள்ளீயமும் மட்டும் வைத்து வார்த்தால், எழுத்து எத்தனை பிரதி தாங்கும்?

அன்புடன்,
சேது