டிசி வாங்கிய அன்றைக்கு நான் சொன்னது

அக்கா,

சின்னவனை அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு சேர்த்துவிட்டாய் என்று அத்தான் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுவும் சேர்த்து நாலு நாள் கழித்து. பெரியவளுக்குப் பள்ளிக்கூடம் பார்த்தபோது என்னை லீவு போட வைத்துக் கூடவே கூட்டிக்கொண்டு போனாய். இந்த முறை ஒரு போன் கூட இல்லை. நல்ல முடிவுதான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அது மட்டும் வரவில்லை.

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். இதை உன் வீட்டு ஆட்களும் படிப்பார்கள் என்று தெரியும். அதனால் பள்ளியின் பெயரோ பிள்ளைகளின் பெயரோ இதில் இருக்காது. சிலதைத் தொடாமலே போவேன். எவை என்று உனக்குப் புரியும். வெளியில் எழுதுவதற்குக் காரணம், இந்த ஜூனில் நம்மைப் போலவே கையில் டிசியை வைத்துக்கொண்டு எங்கே போவதென்று நிற்கிற குடும்பங்கள் நிறைய இருப்பதுதான்.

2016 ஜூன். பெரியவள் எட்டாவது முடித்து டிசி வாங்க வந்த நாள். நடுநிலைப் பள்ளி ஹெச்.எம். அறை. நீ தீப்பெட்டி ஆபீசிலிருந்து அரை நாள் சொல்லிவிட்டு நேரே வந்திருந்தாய். விரல் இடுக்கில் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு நிலைப்படிக்கு இந்தப் பக்கமே நின்றாய். நான் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். டீச்சர் டிசியில் சீல் வைத்துக்கொண்டே, "கவர்மெண்ட் ஹையர் செகண்டரி நாலு கிலோமீட்டர்தானப்பா, பஸ் பாஸும் குடுக்காங்க, அங்கேயே சேருங்களேன்" என்றார். நீ மெதுவாக, "டீச்சர் சொல்றதும் சரியாத்தானடா இருக்கு" என்றாய்.

நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "உனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா, சும்மா இரு" என்றேன்.

டீச்சர் சீலைக் கீழே வைத்தார். நீ சேலைத் தலைப்பால் விரலைத் துடைத்துக்கொண்டாய். பசை போகவில்லை. மீண்டும் மீண்டும் துடைத்தாய்.

ஒன்பது வருடமாக நாம் சண்டை போடுவது பள்ளிக்கூடத்தைப் பற்றி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த விரலைப் பற்றித்தான் என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் அக்கா, நியாயத்தையும் சொல்ல வேண்டும். அன்றைக்கு டாக்டர் சீட்டு என்றால் பிளஸ் டூ மார்க். உயிரியலில் பாதி, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து மறுபாதி, 200-க்குக் கட்-ஆஃப். 2016-ல் நீட் தமிழ்நாட்டு அரசு இடங்களுக்கு வரவில்லை; மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டு ஒரு வருடம் தள்ளி வைத்திருந்தது. நான் அவளைச் சேர்த்த, டவுனில் இருந்த அந்த அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளியில் பிளஸ் டூ ரிசல்ட் நன்றாக இருந்தது, லேப் இருந்தது, நான்கு பாடத்துக்கும் ஆசிரியர் இருந்தார்கள். ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசு கொடுக்கிறது, புத்தகம் அரசு கொடுக்கிறது. நம் தென் மாவட்டங்களில் இப்படிப்பட்ட பள்ளிகள் எத்தனை! மிஷன் பள்ளிகள், சாதிச் சங்கங்கள் நடத்துகிற உறவின்முறைப் பள்ளிகள். இவற்றை நாம் என்றைக்காவது தனியார் பள்ளி என்று நினைத்தோமா? அந்தப் பிள்ளைகளைப் போய்ப் பணக்காரப் பிள்ளைகள் என்று யாராவது சொல்வார்களா?

2017-ல் நீட் வந்தது. பெரியவள் அப்போதுதான் பத்தாம் வகுப்பு. கட்-ஆஃப் கணக்கு அதோடு முடிந்தது.

2020 செப்டம்பர் 13 ஞாயிற்றுக்கிழமை அவள் மாஸ்க்கோடு நீட் எழுதினாள். இரண்டே நாளில், 15-ஆம் தேதி, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு தரும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. நீதிபதி கலையரசன் குழு 10 சதவீதம் சொல்லியிருந்தது, அமைச்சரவை அதை 7.5 ஆக்கியது. ஆளுநர் ஒன்றரை மாதம் ஒப்புதல் தராமல் வைத்திருந்தார். அக்டோபர் 29-ல் அரசே அரசாணை போட்டது, மறுநாள் ஒப்புதலும் வந்துவிட்டது. அன்று இரவு உனக்குப் போன் செய்து "நம்ம பிள்ளைக்குக் கிடைச்சிடும்க்கா" என்று சொன்னவன் நான்தான். நீ கேசரி கிண்டி பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தாய்.

நாள் முழுக்க வக்கீல் ஆபீசில் சட்டப் பிரிவுகளை டைப் அடிக்கிறவன் நான். எந்தச் சட்டத்திலும் முதலில் பார்க்க வேண்டியது விளக்கப் பிரிவு. 'வாடகைதாரர்' என்றால் யார், 'நிலம்' என்றால் எது என்று அங்கேதான் சொல்லியிருக்கும், வழக்கு பாதி அங்கேயே முடிந்துவிடும். அதைக் கட்சிக்காரர்களுக்குச் சொல்கிறவன், அன்றைக்கு 'அரசுப் பள்ளி' என்றால் எது என்று பார்க்கவில்லை. ஊராட்சி ஒன்றியப் பள்ளி உண்டு, நகராட்சி, மாநகராட்சிப் பள்ளி உண்டு, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் உண்டு. உதவி பெறும் பள்ளி இல்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நம் பிள்ளை ஆறு, ஏழு, எட்டு படித்தது கணக்கில் வரும். கடைசி நாலு வருடத்தை மாற்றியது நான்.

அவள் நீட் மார்க் 287. அந்த ஒதுக்கீட்டில் அது தாராளமாகப் போதும். பொதுப் பட்டியலில் அது எங்கேயும் நிற்காது. நவம்பர் 18-ல் சென்னை நேரு விளையாட்டரங்கத்தில் கலந்தாய்வு தொடங்கியபோது, ஆணையைக் கையில் பிடித்து அழுத பிள்ளைகளை டிவியில் பார்த்தோம். நீ எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாய்.

சித்தப்பா வீட்டுக் கல்யாணப் பந்தியில் எல்லார் முன்னாலும் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "என் மகளோட டாக்டர் சீட்டை என் தம்பி தொலைச்சான்." இலையில் சோறு இருந்தது, கையை மடக்கிக்கொண்டு எழுந்து வந்தேன். எட்டு வருடம் அவளுக்கு நோட்டும் கைடும் வாங்கியது நான். நீட் கோச்சிங்குக்கு என் பிஎஃப் பணத்தை எடுத்தேன். அதை நீ எந்தப் பந்தியிலும் சொன்னதில்லை. 2016-ல் இல்லாத ஒரு சட்டத்தை 2016-ல் நான் எப்படிப் படித்திருக்க முடியும்?

அப்புறம், உன் கொழுந்தனார் 7.5-ஐத் திட்டும்போது நான் எதிர்த்துப் பேசியதும் உனக்குக் கோபம். இப்போதும் அதையேதான் சொல்வேன். அந்த முதல் வருடம் 313 எம்.பி.பி.எஸ். இடங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போயின. அதற்கு முந்தின வருடங்களில் அவர்களில் உள்ளே போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த 313 பேரும் உன் பக்கத்தில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுகிற பெண்களின் பிள்ளைகளைப் போன்றவர்கள்தான். கோடு கிழித்தால் யாராவது வெளியில் நிற்கத்தான் வேண்டும் என்று அரசு சொல்லும். சரி. ஆனால் கோட்டைக் கிழித்தபோது நம் பிள்ளையைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்று யாராவது வந்து கேட்டார்களா? சட்டம் சரி, அதற்குள் நமக்கு நடந்தது சரியில்லை. இரண்டையும் நான் சேர்த்துத்தான் சொல்வேன்.

இதுவாவது போகட்டும். அவள் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் வருடம் படித்தபோது, 2022 செப்டம்பர் 5-ல், புதுமைப் பெண் திட்டம் வந்தது. பழைய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தை மாற்றி, படிக்கிற பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய். அங்கேயும் அதே வரி: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களையும் சேர்த்தது 2024 டிசம்பர் 30-ல், அதுவும் நம் தூத்துக்குடியில் வைத்து. அவள் அப்போது பட்டம் வாங்கி லேபில் வேலைக்கே போய்விட்டாள். செய்தியைக் காட்டினேன். "விடுங்க மாமா, பின்னால வர்றவங்களுக்காவது கிடைக்குதுல்ல" என்றாள்.

யாரோ விடாமல் கேட்டதால்தான் அந்த வரி மாறியிருக்கும் என்று நம்புகிறேன். நாம் கேட்கவில்லை அக்கா. நீ பந்தியில் என்னைக் கேட்டாய், நான் போனில் உன்னைக் கேட்டேன். கேட்க வேண்டிய இடத்துக்கு ஒரு மனு எழுதவில்லை. ஊருக்கெல்லாம் மனு டைப் அடிக்கிறவன் நான்.

சின்னவன் பிளஸ் டூ முடிக்க 2029 ஆகும். 7.5 இருக்கிறது என்பதற்காக மட்டும் நீ அங்கே சேர்த்திருந்தால் ஒன்று சொல்கிறேன். 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. கூடவே, இதை நிரந்தரமாக்காமல் அரசுப் பள்ளிகளைத் தரம் உயர்த்த வேண்டும், ஐந்து வருடத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. நாளைக்கு வரி மாறலாம். அந்தப் பள்ளியில் பிளஸ் ஒன்னுக்கு இயற்பியல் ஆசிரியர் இருக்கிறாரா, இல்லை இடம் காலியா என்று கேட்டாயா? பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு. உறுப்பினர்களில் முக்கால்வாசி பெற்றோர், பாதி பேர் பெண்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்திலேயே அது இருக்கிறது. நடுநிலைப் பள்ளியில் உன்னை அதில் உறுப்பினராகப் போட்டிருந்தார்கள். கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாய். ஏன் பேசவில்லை என்று அன்றைக்கு உன்னைத் திட்டினேன். பேச வந்த உன்னை முதலில் சும்மா இருக்கச் சொன்னது யார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

டீச்சர் சொன்னது சரியாகத்தான் இருந்தது, நீ சொன்னதும் சரி. பிற்பாடு சட்டம் வந்ததால் சரியானது என்று சொல்லவில்லை. அன்றைக்கே அது உட்கார்ந்து பேச வேண்டிய பேச்சு. மன்னித்துவிடு.

ஒரே ஒரு வேலை இருக்கிறது. சின்னவன் ஆறு, ஏழு, எட்டு அந்த நடுநிலைப் பள்ளியில் படித்தான் என்று போனஃபைடு சான்று இப்போதே வாங்கி வை. கல்லூரி சேரும்போது அலைய விடுவார்கள், அதற்குள் ஆட்களும் மாறியிருப்பார்கள். பழைய டீச்சர் இன்னும் அங்கேதான் இருக்கிறார், அடுத்த வருடம் ரிட்டையர் ஆகிறாராம். வகுப்பு, வருடம், பள்ளியின் முழுப் பெயர், 'ஊராட்சி ஒன்றிய' என்ற வார்த்தை எல்லாம் இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்கு. நான் வரவில்லை. நீயே உள்ளே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேள்.

தம்பி