இசட்/28-ஆ, பாஸ் 302-ஆ

டியர்பார்ன், மிச்சிகன்

அன்புள்ள தம்பிக்கு,

1969ஆம் ஆண்டு ஷெவர்லே கமாரோ இசட்/28, 1970ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் பாஸ் 302 என்ற இரண்டு பழைய கார்களின் படங்களையும் அனுப்பி எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். கராஜில் ஓரிடம் காலியாகிவிட்டது என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியை அம்மா இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள்.

இரண்டும் ஒரே பந்தயத்துக்காகப் பிறந்தவை. டிரான்ஸ்-ஆம் என்ற அமெரிக்கக் கார் பந்தயத் தொடரில் எஞ்சின் 5 லிட்டரைத் தாண்டக் கூடாது என்பதால், ஷெவர்லே 327 எஞ்சினின் சிலிண்டர் அகலத்தையும் 283 எஞ்சினின் ஸ்ட்ரோக்கையும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) சேர்த்து 302 கன அங்குலத்துக்கு, அதாவது 5 லிட்டருக்குச் சற்றுக் குறைவாக, வந்தது. ஃபோர்டோ தன் சிறிய எஞ்சின் பிளாக்கின் மேல், தன் இன்னொரு எஞ்சினான கிளீவ்லண்டின் பெரிய வால்வுகள் கொண்ட ஹெட்டுகளை (சிலிண்டர்களின் மேல்மூடிகளை) பொருத்தியது. இரு நிறுவனங்களும் அறிவித்தது 290 குதிரைத்திறன்தான். 1968, 1969இல் மார்க் டொனஹ்யூவின் கமாரோ வென்றது, 1970இல் மஸ்டாங் வென்றது. ஆகவே வேகத்தை வைத்து முடிவு செய்யாதே. பன்னிரண்டு வயதில் உட்வர்ட் அவென்யூவில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே எஞ்சினைச் சொன்ன பிள்ளை நீ. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் சொல்ல வேண்டியது சான்றுகளைப் பற்றி. பாஸ் 302இன் சேஸிஸ் எண்ணில் ஐந்தாவது எழுத்து 'ஜி' என்றிருக்கும். மார்ட்டி அறிக்கை வாங்கினால் ஃபோர்டின் பதிவிலிருந்தே அந்த வண்டி எப்படித் தயாரானது என்ற விவரம் வந்துவிடும். கமாரோவின் எண்ணோ அது வி8 எஞ்சின் வண்டி என்பதோடு நின்றுவிடும், இசட்/28தானா என்று சொல்லாது. 1969இல் 20,302 இசட்/28கள் வெளிவந்தன. சாதாரணக் கமாரோவை இசட்/28போல் மாற்றிக் காட்டுவதும் எளிது. நார்வுட் தொழிற்சாலையில் 1968 டிசம்பருக்குப் பின் செய்த வண்டியானால், அதன் விவரத் தகட்டில் இசட்/28ஐக் குறிக்கும் எக்ஸ்33 அல்லது எக்ஸ்77 இருக்கிறதா என்று பார். ஆனால் தகட்டையும் மாற்றலாம். எதுவானாலும் வீட்டில் கலந்து பேசிவிட்டு வாங்கு.

பாஸிலும் குறை உண்டு. பழைய பிஸ்டன்களின் ஓரம் விரிசல் விடும். உதிரி பாகம் கமாரோவுக்குக் கிடைப்பதுபோல் கிடைக்காது. ஐந்து வாரமாகப் பேசாதவன் இதையாவது போனில் கேட்டிருக்கலாம்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ பள்ளி முடிக்கும் முன் நானும் ஓர் இசட்/28 வாங்கினேன். அம்மாவுக்குத் தெரியாமல், வாடகைக் கொட்டகையில் வைத்திருந்தேன். ஓர் இரவு டார்ச் அடித்து, வலப்பக்க ஹெட்டுக்கு முன்னாலிருக்கும் எஞ்சின் எண் பொறித்த இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். இசட்/28 எஞ்சினுக்குரிய 'டிஇசட்' என்ற எழுத்துகள் இருந்தன. ஆனால் தொழிற்சாலையில் இழைத்தபோது விழும் மெல்லிய கோடுகள் இல்லை, கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தது. யாரோ தேய்த்துவிட்டுப் புதிதாக அடித்திருந்தார்கள். அது உன் கல்லூரிக்குச் சேர்த்த பணம். பங்குச் சந்தையில் போய்விட்டது என்று உன்னிடம் சொன்னேன். நீ பத்து வருடம் கட்டிய கடன் அந்த வண்டியின் கடன். கொட்டகை வாடகை ரசீது அம்மா கையில் கிடைத்த பிறகு, ஒரே வீட்டில் இருந்தும் ஓர் ஆண்டு அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பணம் போனதற்காக இல்லை, மறைத்ததற்காக.

என் யோசனை பாஸ் 302தான். கமாரோதான் மனத்தில் இருக்கிறது என்றால், எண் பொறித்த அந்த இடத்தைச் சாய்வாக வெளிச்சம் விழும்படி படம் எடுத்து அனுப்பு. வீட்டில் பேசிவிட்டு அனுப்பு. படத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் எங்களையும் கூப்பிடு. எத்தனை மணியானாலும் எடுப்போம்.

அன்புடன்,
அப்பா