பெட்டி இருந்த இடம்

பாளையங்கோட்டை

அன்பு மகளுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

போன ஞாயிறு நீ போனில் அழுதபோது, "பொருள்தானே, போனால் போகட்டும்" என்று சொல்லிவிட்டேன். நீயும் சட்டென்று பேச்சை மாற்றிவிட்டாய். குளிரில் குழாய் வெடித்து, ஆச்சியின் சுங்குடிச் சேலையும் அவள் எனக்கு எழுதிய கடிதங்களும் நிலவறைத் தண்ணீரில் ஊறிக் கிடக்கின்றன. அதற்கு ஒரு தாய் சொல்லும் பதிலா அது? நான்கு நாளாக எனக்கே மனம் சரியில்லை.

நேற்று ஆன் பிராட்ஸ்ட்ரீட் கவிதைகளை எடுத்துப் புரட்டினேன். கல்லூரியில் எத்தனையோ வருடம் நடத்திய பாடம். நீ இருக்கும் மாசசூசெட்ஸ்காரிதான். 1630-இல் இங்கிலாந்திலிருந்து ஆர்பெல்லா கப்பலில் வந்து இறங்கி, எட்டுப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவள். இன்று நார்த் ஆண்டோவர் எனப்படும் ஊரில் இருந்த அவள் வீடு, 1666 ஜூலை 10 இரவு எரிந்து போனது.

ஆன், பியூரிட்டன் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவள். அவர்களுக்குத் தற்செயல் என்று ஒன்று கிடையாது. நோயோ தீயோ, தேவன் கண்டிக்கிறார் அல்லது சோதிக்கிறார். யாருக்கு மீட்பு என்பதை அவர் முன்பே தீர்மானித்துவிட்டார். அந்தப் பட்டியலில் தன் பெயர் உண்டா என்பதுதான் யாருக்கும் நிச்சயமில்லை. அதனால் தங்கள் மனதைத் தாங்களே துருவித் துருவி எழுதிவைத்தார்கள். வேதத்தில் இல்லாத பண்டிகை என்று 1659-இல் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்துக்கு ஐந்து ஷில்லிங் அபராதமும் போட்டார்கள். உன் அப்பாவிடம் சொன்னேன். "கேக் செலவு மிச்சம்" என்கிறார்.

தீயைப் பற்றிய கவிதையில் ஆன் முதலில் முறைப்படி பேசுகிறாள்: கொடுத்தவர் எடுத்துக்கொண்டார், அது அவருடையதுதானே. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் இடிபாட்டைக் கடந்து போகும்போதெல்லாம் கண் அந்தப் பக்கம் திரும்புகிறது. இங்கேதான் டிரங்குப் பெட்டி இருந்தது, அங்கே இன்னொரு பெட்டி, நான் உசத்தியாக நினைத்ததெல்லாம் அதோ அங்கே. இனி இந்தக் கூரையின் கீழ் விருந்தாளி உட்காரப்போவதில்லை, மெழுகுவத்தி எரியப்போவதில்லை. இவ்வளவும் சொன்ன பிறகுதான் எல்லாம் மாயை, உன் வீடு மேலே இருக்கிறது என்று தன் நெஞ்சை அதட்டுகிறாள்.

அந்தக் கடைசிப் பகுதியைத்தான் 'மையக் கருத்து' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன். மதிப்பெண்ணும் அதற்கே கொடுத்தேன். பெட்டியைப் பற்றி ஒரு மாணவியிடமும் கேட்டதில்லை.

தான் போன பிறகு படிக்கட்டும் என்று பிள்ளைகளுக்கும் ஒரு கடிதம் எழுதிவைத்தாள். கடவுள் உண்டா என்றே பலமுறை சந்தேகம் வந்ததாக அதில் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறாள். அவளுடைய அப்பா அங்கே ஆளுநராக இருந்தவர். ஊரே சபைக்குக் கட்டுப்பட்ட காலம். என் திறமையைக் காட்ட எழுதவில்லை, உண்மையைச் சொல்லவே எழுதுகிறேன் என்கிறாள். நான் உனக்கு எழுதிய கடிதங்களை நினைத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் புத்திமதி.

கடிதங்களை வெயிலில் போடாதே. ஒவ்வொரு தாளாகப் பிரித்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்து. எந்தெந்த வரி தப்பியது என்று எழுது. சேலையில் முந்தானைப் பக்கம் ஒரு மஞ்சள் கறை இருக்கும், பார். அது தண்ணீரால் வந்ததில்லை. உன் அப்பா என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, பதற்றத்தில் ஆச்சி கொட்டிக்கொண்ட சாம்பார்.

அன்புடன்,
அம்மா